மாலை போட்ட வீட்டில் ஒரு வாளி

ஒரு நாளைக்கு இரண்டு முறை குளித்தால்தான் எனக்கு உடம்பு சரியாக இருக்கும், சார். தாராவியில் இருந்துகொண்டா என்று சிரிக்காதீர்கள். பத்துக்குப் பத்து அறைதான். ஆனால் பாத்திரம் கழுவும் மோரியில்கூடப் பாசி பிடிக்க விடமாட்டேன்.

கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டேன். என் மனைவி சண்முகவடிவுக்குப் புற்றுநோய் குணமாக வேண்டும் என்றுதான் போட்டேன். அதே வாரம் அவளுக்குக் கீமோவும் தொடங்கியது.

நர்ஸ் கீதா தெளிவாகத்தான் சொன்னார். "அண்ணாச்சி, இந்த மருந்து மூத்திரப்பைய அரிச்சிரும். உள்ள தங்க விடக் கூடாது. தினம் மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும், அடிக்கடி போகணும். இந்தக் குப்பி மருந்துதான் மூத்திரப்பைக்குக் காவல். வீட்டுல ரெண்டு வேளை ஜூஸ்ல கலந்து குடுங்க." எனக்கு எல்லாம் புரிந்தது.

பொதுக் கக்கூஸ் வரை நடக்க அவளுக்குத் தெம்பில்லை. மணிக்கொரு தரம் வாளியில் போவாள். வாளிக்கும் சாமி படத்துக்கும் நடுவே நான்கே அடி. கற்பூரம் ஏற்றினாலும் மூத்திர வாடைதான் முதலில் மூக்கில் ஏறும். குப்பியை உடைத்தால் அழுகிய முட்டை நாற்றம். விரத வீட்டில் முட்டை நாற்றம், சார்.

எங்கள் குருசாமி, பூலோகம் என்பவர், வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "மாலையக் கழத்திருங்க சாமி. அடுத்த வருசம் போலாம், மலை எங்கயும் ஓடிராது" என்றார். போட்ட மாலையைப் பாதியில் கழற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதனால் தண்ணீரைக் குறைத்தேன். மூன்று லிட்டர் இரண்டு டம்ளர் ஆனது. குப்பி மருந்தை மோரியில் கொட்டினேன். வாளி காய்ந்தது, வீடு மணந்தது. "நாக்கு ஒட்டுதுங்க, ஒரு மடக்கு தாங்க" என்பாள். பூஜை முடியட்டும் என்பேன். என் பூஜை கொஞ்சம் நீளம்.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு மூத்திரத்தில் கட்டி கட்டியாக ரத்தம் போனது. ஒவ்வொரு சொட்டுக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பாயெல்லாம் நனைந்துவிட்டது. நான் தொடக் கூடாது என்று பக்கத்து வீட்டு நூர் நிஷாவைக் கூப்பிட்டேன். அவர்தான் தூக்கி டாக்சியில் ஏற்றினார். டாக்டர் கேட்டபோது எல்லாம் கொடுத்தேன் என்று சொன்னேன். பொய்தான். தண்ணீரையும் மருந்தையும் நிறுத்தியது நான். எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இருமுடி கட்டிப் புறப்பட்டேன். அவள் பெயரில்தான் நெய்த்தேங்காய். அபிஷேகம் முடிந்து மலை இறங்கும்போது, போய்விட்டாள் என்று போன் வந்தது.

நாற்பத்தொரு நாளும் ஒரு வேளைகூடத் தவறவில்லை, சார். விரதத்தில் எங்கே குறை வைத்தேன் என்றுதான் இன்னும் தெரியவில்லை.