மஞ்சள் வயர்

அன்று காலை ஒன்பதே காலுக்கு மணமேல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். டீக்கடையில் வடை சூடாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மதர்போர்டைத் தொட மாட்டேன். ஆகவே கடைக்காரரிடம் சோப்பு கேட்டு வாங்கி முழங்கை வரை கழுவினேன்.

"ஆப்பரேசனுக்கா போறீங்க?" என்றார்.

"கிட்டத்தட்ட" என்றேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, எதையும் விடாமல் எழுதச் சொன்னீர்கள். அதனால்தான் வடையிலிருந்து தொடங்குகிறேன். புகாரில் இருப்பதெல்லாம் சரிதான். வரிசை மட்டும் தப்பியிருக்கிறது. நான் வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் செம்மல். அறந்தாங்கியில் செம்மல் கம்ப்யூட்டர்ஸ் என்னுடையது. பதினெட்டு வருடமாக சிபியு பெட்டிகளைத் திறந்து மூடுகிறேன். வெளியே உறை தைத்துப் போட்டு, ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்து அழகாக வைத்திருப்பார்கள். உள்ளே பார்த்தால் வயர்கள் குப்பைபோல அடைந்து கிடக்கும். வயர் குறுக்கே கிடந்தால் காற்று ஓடாது, சூடேறும், மெஷினின் ஆயுள் குறையும். வாடிக்கையாளர்களிடம் இப்படித்தான் சொல்வேன். சொல்வது உண்மை. ஆனால் நான் வயர்களை ஒழுங்காகக் கட்டுவது அதற்காக இல்லை. பார்க்க நன்றாக இருக்கும். அவ்வளவுதான்.

எங்கள் மாவட்ட சர்வீஸ்காரர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. முடித்த வேலையைப் படம் எடுத்துப் போடுவோம். பொன்னமராவதி அண்ணாமலை போடும் படங்களுக்குத்தான் எப்போதும் வரவேற்பு. போன வருடம் நான் போட்ட படம் ஒன்றின் கீழே அவர் எழுதினார்: "என்னண்ணே, இடியாப்பமா? தேங்காப்பால் எங்க?" முப்பத்தொரு பேர் சிரித்தார்கள். நானும் சிரிப்புப் பொம்மை ஒன்று போட்டேன்.

மணமேல்குடிக்குத் தெற்கே இருக்கும் அந்தக் கிராமத்தின் மீனவர் சங்கத்துக்கு நான் சர்வீஸ் பார்த்துவந்தேன். அங்கிருந்தது ஒரு வினோதமான மெஷின். ஊர்க்காரர் ஒருவர் துபாயில் இருக்கிறார். அவர் மகன் விளையாடிச் சலித்துப்போட்ட கம்ப்யூட்டரைச் சங்கத்துக்கு அனுப்பிவைத்திருந்தார். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே பச்சை, நீலம், ஊதா என்று விளக்குகள் மாறி மாறி எரியும். மாவட்டத்திலேயே கண்ணாடிப் பெட்டி என் கைக்கு வந்தது அது ஒன்றுதான்.

அதன் வேலை எளிது. ஒவ்வொரு படகிலும் ஒரு கருவி இருக்கிறது. ஆபத்து என்றால் அதிலுள்ள பட்டனை அமுக்கவேண்டும். அமுக்கினால் சங்க அலுவலகத்தில் கம்ப்யூட்டர் திரையில் சிவப்புப் புள்ளி துடிக்கும். கூரைமேல் இருக்கும் அபாயச் சங்கு அலறும். திரையை நாள் முழுக்க ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சங்கு அதற்காகத்தான். பெட்டிக்குள் இருந்த ஒரு சிறிய பலகையிலிருந்து சங்குக்கு ஒரு மஞ்சள் வயர் போனது. உள்ளூர் எலெக்ட்ரீஷியன் போட்டது. துணி காயப்போடும் கொடியைப்போல, கண்ணாடிக்கு நேர் பின்னால், நட்டநடுவில் தொங்கியது.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது கார்முகில் என்ற இளைஞன். கல்யாணமாகி ஒரு வருடம். மனைவி ஷர்லி. நான் போனபோது அவன் கண்ணாடியைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"லைட்டு மட்டும் எரியணும்ணே. சாயந்தரமானா பிள்ளைக அதப் பாக்கத்தான் வருதுங்க."

"லைட்டுக்கு ஒண்ணும் ஆகாது. தள்ளு."

"மாமா கடலுக்குப் போயிருக்காரு. மத்தியானம் வந்துருவாரு. நண்டு வாங்கிட்டுப் போங்க. ஒங்களுக்குன்னா எடுத்து வைப்பாரு."

மாமா என்றது ஷர்லியின் அப்பா பெரியண்ணனை.

ஆள் பக்கத்தில் நின்றால் எனக்குக் கை ஓடாது. அவனை வீட்டுக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு வரச் சொன்னேன். வாசல்வரை போனவன் திரும்பினான்.

"சங்கு இருக்குல்லண்ணே? அடிச்சா ஓடியாந்துருவேன். வீடு இந்தா இருக்கு."

"இருக்கு. போய்ட்டு வா."

அப்போது மஞ்சள் வயர், அவன் கவனிக்காமலே, கழற்றிச் சுருட்டப்பட்டு என் பையில் இருந்தது. சங்கு கூரைமேல் இருந்தது. அதைத்தான் சொன்னேன்.

படம் எடுத்துவிட்டு வயரைத் திரும்ப மாட்டவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். மற்ற வயர்களை எல்லாம் மதர்போர்டுக்குப் பின்னால் கொண்டுபோய், வளைவுகளில் வளைத்து, பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினேன். மெஷினை ஆன் செய்தேன். விளக்குகள் எரிந்தன. கண்ணாடிக்குப் பின்னால் விளக்குகள் மட்டும். படம் எடுத்துக் குழுவில் போட்டபோது மணி பதினொன்று ஆறு. முதல் ஆளாக அண்ணாமலையே எழுதினார்: "அண்ணே, வயரெல்லாம் எங்க போச்சு?" பதினெட்டு வருடத்தில் யாரும் எனக்கு இப்படி எழுதியதில்லை. அதை மூன்று நான்கு தடவை படித்தேன்.

நிமிர்ந்தபோது திரையில் சிவப்புப் புள்ளி துடித்தது. பதினொன்று பன்னிரண்டு. புள்ளிக்குக் கீழே படகு எண்ணும் உரிமையாளர் பெயரும் வரும். பெரியண்ணன் என்று இருந்தது.

கத்திக் கூப்பிட்டிருந்தால் கார்முகில் வந்திருப்பான். வந்ததும் சங்கு ஏன் அடிக்கவில்லை என்று கேட்பான். பெட்டியைப் பார்ப்பான். வயர் இருக்காது. ஆகவே முதலில் வயர். இதில் எனக்குக் குழப்பமே வரவில்லை.

அவசரமாக மாட்டிய வயர் அவசரமாக மாட்டியது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். அதுவும் மற்றதெல்லாம் அவ்வளவு ஒழுங்காக இருக்கும் பெட்டியில். எனவே பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். மஞ்சள் வயரைக் கீழ்மூலையில் நுழைத்து, எஸ்எம்பிஎஸ் என்ற மின்சாரப் பெட்டியின் ஓரமாக மேலே ஏற்றி, மற்ற வயர்களோடு சேர்த்து இரண்டு அங்குலத்துக்கு ஒரு டேக் போட்டேன். ஒன்பதாவது டேக் கோணலாக விழுந்தது. அதை வெட்டிவிட்டு வேறு போட்டேன். டேக்கின் வாலைச் சாய்வாக வெட்டினால் கையைக் கிழிக்கும். நேராக, ஒட்ட வெட்டினேன். சிவப்பு வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து கண்ணை உறுத்தியது. திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

முனைகளைக் கடைசியில்தான் மாட்டவேண்டும். முதலில் மாட்டினால் கட்டும்போது வயர் இழுபடும். தொழில் கற்றுக்கொள்ளும்போதே கற்றது இது. கடை வைத்த நாளிலிருந்து மாற்றியதில்லை.

கடைசி முனையை மாட்டியதும் சங்கு அலறியது. பதினொன்று ஐம்பத்தொன்பது. நாற்பத்தேழு நிமிடம். அந்த மாதிரி வேலைக்கு அது வேகம்தான். அண்ணாமலையாக இருந்தால் ஒன்றரை மணி நேரம் பிடித்திருக்கும்.

ஆட்கள் ஓடிவருவதற்குள் தகட்டை மூடி, திரையைத் திருப்பி, இன்னொரு படம் எடுத்தேன். சங்கு காதைப் பிளந்தது. கை ஆடவில்லை. படம் நன்றாக வந்தது.

கார்முகில் கையில் சோற்றுப் பருக்கையோடு வந்தான். திரையில் பெயரைப் பார்த்தான். கடலைப் பார்த்து ஓடினான்.

மூன்று படகுகள் போயின. கவிழ்ந்த படகைப் பிடித்தபடி இருளாண்டி மிதந்துகொண்டிருந்தார். பெரியண்ணனுடன் போனவர். படகில் தூக்கிப் போட்டதும் அவர் சொன்ன முதல் பேச்சு இது என்றார்கள்: "இப்பத்தான்யா கைய விட்டாரு. பத்து நிமிசம்கூட இருக்காது. சங்கடிச்சா வந்துருவாங்க, வந்துருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

அடுத்த வாரம் சங்கத்தில் விசாரித்தார்கள். பட்டன் அமுக்கிய நேரம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. சங்கு அடித்த நேரம் ஊருக்கே தெரியும். இடையில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. சுவரில் சங்குக்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. இரண்டு வாரம் முன்பு சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை நேரத்தில் யாரோ படகில் பட்டனைத் தெரியாமல் அமுக்க, சங்கு அடித்து, கார்முகில் ஓடிவந்து ஸ்விட்சை அணைத்திருக்கிறான். எல்லோருக்கும் அது நினைவிருந்தது. அவன் திரும்பப் போட்டதை யாரும் பார்த்திருக்கவில்லை.

நான் ஒரே ஒரு பொய் சொன்னேன். கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன், திரையை அப்போதுதான் பார்த்தேன், ஸ்விட்ச் அணைந்திருந்தது, நான்தான் போட்டேன் என்றேன்.

செயலாளர் குணசேகரன் பெட்டியைத் திறக்கச் சொன்னார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் வயர் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தது.

"இம்புட்டு நறுவிசா வேலை பாக்குற ஆளுய்யா. இவரு மேல என்னத்தச் சொல்றது?" என்றார்.

"ஸ்விட்ச்சு போட்டுத்தாண்ணே இருந்துச்சு" என்றான் கார்முகில். என்னைப் பார்த்துச் சொன்னான். "நீங்க சங்கு இருக்குன்னு சொன்னீங்கள்ல?"

"இருந்துச்சேப்பா. அடிச்சுச்சே" என்றேன்.

பெரியண்ணனின் மனைவி சந்தனமேரி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் பாக்கலேன்னா அவுக ஒடம்புகூடக் கெடச்சிருக்காது தம்பி." அவர் கை ஈரமாக இருந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஷர்லி தன் புருஷனிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "எங்கப்பா கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காரு. நீங்க சோறு தின்னுக்கிட்டு இருந்திருக்கீங்க." அன்றே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கார்முகிலை வேலையை விட்டு நிறுத்தினார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். ஸ்விட்சை அன்றைக்கே திரும்பப் போட்டுவிட்டேன் என்று கொஞ்ச நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தானாம். பிறகு, போட்டேனோ இல்லையோ என்று சொல்ல ஆரம்பித்தானாம். இதைக் கேட்டபோது எனக்குச் சற்று நிம்மதியாகவே இருந்தது. அவனுக்கும் ஒரு முடிவு கிடைத்துவிட்டது.

இரண்டு படங்களையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கடைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். மூலையில் நேரம் இருக்கும், 11:06, 12:01 என்று. பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே படமாகத் தெரியும். எனக்கு வித்தியாசம் தெரியும். முதல் படத்தில் மஞ்சள் வயர் இல்லை. இரண்டாவதில் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குப் படுவது சங்குக்குப் போகும் அந்த ஒரு விரற்கடை முனை மட்டும்தான். இரண்டாவதுதான் கஷ்டமான வேலை. அதை மறைத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏழு மாதம் கழித்துப் போன செவ்வாய்க்கிழமை ஷர்லி கடைக்கு வந்தாள். கல்யாணப் பத்திரிகை, சர்ச் சான்றிதழ், இன்னும் சில காகிதங்கள். எல்லாம் இரண்டிரண்டு ஜெராக்ஸ்.

"எதுக்கும்மா?"

"வக்கீலு கேக்குறாருண்ணே. கோர்ட்ல போடணுமாம்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சுவரைப் பார்த்தாள். விளக்குகளை அடையாளம் தெரிந்திருக்கவேண்டும். பக்கத்தில் போய் ஒரு படத்தைப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். மூலையில் இருந்த நேரத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இந்தப் படத்துல மஞ்ச வயரு இல்லையேண்ணே."

இத்தனை நாளில் அதைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான். எனக்கு ஒருவிதத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். உங்களுக்கு இப்போது எழுதிய இதே வரிசையில் அவளுக்கும் சொன்னேன். எந்த வழியாக வயரை ஏற்றினேன் என்பதைப் படத்தில் பேனாவால் தொட்டுக் காட்டினேன். ஒன்பதாவது டேக்கையும் சொன்னேன். முனைகளை ஏன் கடைசியில் மாட்டவேண்டும் என்பதையும் விளக்கினேன்.

அவள் அழவில்லை. ஜெராக்ஸ் மெஷின் நின்றுவிட்டிருந்தது. கடைசித் தாள் தட்டில் கிடந்தது. அதை அவள் எடுக்கவில்லை. புகாரில் அவள் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. படத்தையே பார்த்துக்கொண்டு என்னிடம் அவள் கேட்டது.

"முனைய மொதல்ல மாட்டிட்டு, அப்புறமாக் கட்டியிருக்கலாம்லண்ணே?"