‘நடந்தது’ என்று சொன்னவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பதிப்பாசிரியர் அவர்களே, தொடரின் உரிமையை இப்போது வாங்கியிருக்கும் நிறுவனத்தின் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு இருக்கும் ஐயாவின் துணைவியார், எங்கள் அம்மா அவர்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் வாசகர்களே, வணக்கம்.

‘ஒன்பதாம் ஓடம்’ படக்கதையின் கதைக்காப்பாளர், நாங்கள் உரிமையோடு ‘தீர்ப்பு ஐயா’ என்று அழைத்தவர், மறைந்துவிட்டார். ஒரு கதைக்குக் காவல் எதற்கு? எழுதியவர்கள் மாறினார்கள், வரைந்தவர்கள் மாறினார்கள். ஆனால் ஓடத்தின் தலைவன் ஒரே ஆளாக இருக்க வேண்டுமே! அவன் வாழ்க்கையில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று யாராவது சொல்ல வேண்டுமே! அதைச் சொன்னவர் ஐயா. அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது.

ஒருமுறை தலைவனின் தழும்பை ஓவியர் கன்னம் மாற்றி வரைந்துவிட்டார். இதழ் கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஓவியர் பதறி ஓடிவந்தார்.

“சார், கை தவறிடுச்சு. அடுத்த இதழ்ல மாத்திடறேன்.”

“மாத்தாதப்பா. அத்தனை பேர் பாத்துட்டாங்க. இனிமே அது உன் கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல. இன்னொரு சண்டை போட வை. ரெண்டு கன்னத்துலயும் தழும்பு இருக்கட்டும்.”

“பாவம் சார் அவரு. இனிமே யாரு பொண்ணு குடுப்பா?”

அறையே சிரித்தது. அந்தச் சண்டைதான் பிறகு வாசகர்கள் மனப்பாடமாகச் சொல்லும் கதையானது!

அவரோடு மல்லுக்கு நின்றவர்களும் உண்டு. “எது நடந்துச்சுன்னு சொல்ல நீங்க யாரு சார்?” என்று வாசகர் ஒருவர் நேருக்கு நேராகக் கேட்டார். “சம்பளம் வாங்கறவன்ப்பா, வேற யாரு? உக்காரு, டீ குடி” என்றார் ஐயா.

யார்தான் சொல்வது? படைத்தவரா? வாங்கியவரா? படித்தவரா?

சென்ற வாரம் புதிய நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது. இனி எடுக்கப்போகும் திரைப்படம் மட்டுமே உண்மைக் கதை. பழைய இதழ்கள் எதுவும் நடக்கவில்லை. நான் பார்க்கப் போனபோது, மருத்துவமனைக் கட்டிலில் ஐயா அதைப் படித்திருந்தார்.

“அப்ப தலைவனோட தங்கச்சி?”

“அப்படி ஒருத்தியே கிடையாதாம் சார்.”

“அவ செத்தப்ப எத்தனை பேரு அழுதாங்க. அந்த அழுகைய என்னம்மா பண்ணுவாங்க?”



மேலாளர் அவர்களே, உங்களைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. உரிமை உங்களுடையது, பத்திரம் பேசும். நாங்கள் பேசி என்ன ஆகப்போகிறது?

ஐயாவின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி முடிப்பதுதான் முறை. என்னால் அப்படிக் கூற முடியவில்லை. பழைய இதழ்களை இணைய நூலகத்திலிருந்து நீக்கும் வேலையை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். மாட்டேன் என்றால் வேறொருவர் நீக்குவார். திறந்துகூடப் பார்க்காமல் நீக்குவார். அதனால் நானே செய்கிறேன். ஒவ்வோர் இதழையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் நீக்குவேன். தங்கை சாகும் இதழைக் கடைசிக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

மெதுவாகப் படிப்பேன் ஐயா. என்னால் முடிந்தது இவ்வளவுதான்.