முப்பத்து மூன்றரை அடி

காலையில் பனி ஈரம் காயுமுன் சுண்ணாம்புத் தூளைத் தூவினால் மைதானத்தில் கோடு மாலைவரை கலையாது. வெயில் ஏறியபின் தூவினால் பாதி காற்றோடு போய்விடும். இச்செய்தி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானே கண்டறிந்தது. ஐயா அவர்கள் விசாரணைக்கென்று கோவையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருப்பதால், எனக்குத் தெரிந்தவற்றுள் ஐயத்திற்கு இடமில்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுவது முறை என்று கருதினேன்.

தாங்கள் கேட்டது ஒரே கேள்வி. பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள எங்கள் பெண்கள் பள்ளியின் சாப்ட்பால் அணி, முதலாண்டு பூச்சியத்திற்கு இருபத்திரண்டு, மறு ஆண்டு பூச்சியத்திற்கு இருபத்தேழு, இவ்வாண்டு பூச்சியத்திற்கு முப்பத்து நான்கு என்று தோற்றது எவ்வாறு? இதற்கு ஓரிரு வரிகளில் விடையளித்துவிடலாம். ஆனால் நான் முப்பத்தாறு வயதில் முதியோர் வகுப்பில் அகரம் எழுதிப் பழகியவன். நாற்பத்திரண்டில் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறியவன். விரிவான விடைக்கே மதிப்பெண் அதிகம் என்று எனக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது.

என் பெயர் சென்னிமலை. பள்ளியில் அலுவலக உதவியாளர். மணியடிப்பதும் சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுசெல்வதும் என் பணிகள். 1993இல் உடற்கல்வி ஆசிரியை திருமணமாகிச் சேலம் சென்றார். தலைமையாசிரியை பங்காரம்மா அம்மையார் என்னை அழைத்து, "சென்னிமலை, புது டீச்சர் வர்ற வரைக்கும் அந்தச் சாப்ட்பால் புள்ளைங்களைச் சாயங்காலத்துல பாத்துக்குங்க. விசில் பீரோவுல இருக்குது" என்றார். புது டீச்சர் வரவேயில்லை. விசில் என் கழுத்திலேயே தங்கிவிட்டது. முதல் நாள் மாலை பதினான்கு மாணவியர் வரிசையில் நின்று "குட் ஈவினிங் சார்" என்றனர். அதுவரை உலகம் என்னை 'ஏப்பா' என்றும் 'சென்னி' என்றும்தான் அழைத்துவந்தது. ஐயா அவர்கள் இளமைமுதல் சார் என்றே அழைக்கப்பட்டிருப்பீர்கள். ஆகவே அச்சொல்லின் ருசியைத் தங்களுக்கு விளக்குவது கடினம்.

சாப்ட்பால் என்பது யாதெனில், இடுப்புக்குக் கீழிருந்து வீசப்படும் பந்தை மட்டையால் அடித்து, நான்கு மூலைகளையும் சுற்றி ஓடிவரும் ஆட்டமாகும். பெண்கள் ஆட்டத்தில் பந்து வீசுபவளுக்கும் மட்டை பிடிப்பவளுக்கும் இடையே நாற்பது அடி. அடிக்கத் தகாத பந்து நான்கு வீசிவிட்டால், மட்டைக்காரி அடிக்காமலேயே முதல் மூலைக்கு நடந்து போகலாம். ஆசிரியை விட்டுச்சென்ற தட்டச்சுக் குறிப்பில் இவை அனைத்தும் இருந்தன. இரண்டே நாளில் மனப்பாடம் செய்தேன். பந்தை அதற்கு முன் கையால் தொட்டதில்லை.

நாற்பது அடியை அளக்க எனக்கு நாடா தேவைப்படவில்லை. இளமையில் காரமடைப் பக்கம் ஒரு நிலத்தரகரிடம் வேலை பார்த்தவன் நான். தோட்டம் வாங்க வருகிறவர்களின் முன்னே வரப்பில் நடந்து அளந்து காட்டுவது என் தொழில். என் தப்படி மூன்றடி. என் காலை நம்பி ஏக்கர் ஏக்கராக நிலம் கைமாறியிருக்கிறது. ஆகவே பதின்மூன்று தப்படி வைத்து, மிச்சத்துக்கு ஒரு பாதம் கூட்டிக் கோடு போட்டேன். இடைக்காலத்தில் கிணற்றுப் படியில் விழுந்து என் வலது முழங்கால் சரியாக மடங்காமற் போனதையும், வயது ஏறினால் தப்படி இறங்கும் என்பதையும் நான் கருதவில்லை. மாணவியர் பார்த்துக்கொண்டிருந்தபடியால் நிமிர்ந்து நடப்பதிலேயே என் கவனம் இருந்தது.

முதல் போட்டி கோவையில். எங்கள் பெண்கள் வீசிய பந்துகள் மட்டைக்காரியைச் சென்றடையுமுன் மண்ணில் விழுந்தன. எதிரணிப் பெண்கள் மட்டையைத் தோளில் சார்த்திக்கொண்டு, கோயிலை வலம்வருவதுபோல் வரிசையாக நடந்தே இருபத்திரண்டு ஓட்டங்கள் எடுத்தனர். அதன்பின் நடுவரே இரக்கப்பட்டு, விதியைக் காட்டி ஆட்டத்தை நிறுத்தினார். திரும்பும்போது பேருந்தில், பந்து வீசிய பதினோராம் வகுப்பு மாணவி மாரியாத்தாள் என்னைப் பார்த்து, "ஏனுங்க சார், அவிய ஒருத்தியும் மட்டையவே வீசுலீங்களே. அப்புறம் நாம ஆருகிட்டத் தோத்தோமுங்க?" என்றாள். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். பின்னர் தோல்விக்குக் காரணம் மனவுறுதிக் குறைவே என்று விளக்கினேன். 'நான் பயப்பட மாட்டேன்' என்று நூறு முறை எழுதிவரச் சொன்னேன். அவள் இருநூறு முறை எழுதிவந்தாள்.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தியைச் சேர்க்க வேண்டும். அன்று ஆட்டம் முடிந்து யாவரும் தண்ணீர் குடிக்கச் சென்றபோது, நான் அந்த மைதானத்தைத் தப்படியால் அளந்தேன். பதினாறு வந்தது. கோவையில் கோட்டைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தேன். மறு ஆண்டு பொள்ளாச்சியில் அளந்தேன். அங்கும் பதினாறு. இரண்டு ஊர்களும் ஒரே தவற்றைச் செய்திருந்தது எனக்கு வியப்பளித்தது. அவ்வாண்டு மாரியாத்தாளுக்கு மஞ்சள் காமாலை கண்டு, படிப்பில் ஓராண்டு பின்தங்கினாள். வேறொருத்தி வீசினாள். இருபத்தேழு. என் விளக்கத்தை நான் மாற்றவில்லை. கரும்பலகையில் எழுதி, அடிக்கோடும் இட்டேன்.

மாரியாத்தாளின் தந்தை ஆறுச்சாமி ஒரு கொத்தனார். எழுத்து அறியார், எண் நன்கறிவார். பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த ஆண்டு, வீட்டிலும் பழக வேண்டும் என்று மகள் கேட்க, அவர் தம் இரும்பு நாடாவால் செங்கல் அடுக்குக்கு முன் நாற்பது அடி அளந்து கொடுத்தார். அங்கே வீசிய பந்து வழியிலேயே விழுந்தது. பள்ளியில் விழாத பந்து வீட்டில் ஏன் விழுகிறது என்று அவள் யோசித்தாள். எனக்கு வந்த வினை அந்த யோசனைதான். அவள் யாரிடமும் கேட்காமல் இரண்டு மாதம் வீட்டுக் கோட்டிலேயே வீசிப் பழகினாள். அதன்பின் ஒருநாள், மற்ற பெண்கள் போகும்வரை காத்திருந்து, நாடாவோடு என்னிடம் வந்தாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நம்ம கோடு முப்பத்தி மூணரை அடிதானுங்க வருது."

"டேப்பு பழசா அம்மணி?" என்று கேட்டேன். கேள்வி பொய்யாகாது என்பதை ஐயா அவர்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

"எங்கப்பா இதுலதானுங்க ஊடு கட்டறாரு. ஒரு ஊடும் கோணல்னு ஆரும் சொன்னதில்லீங்க."

பார்க்கலாம் என்றேன். மறுவாரம் கோவைப் பள்ளி ஒன்றுடன் பயிற்சி ஆட்டம். அவர்களுடைய பயிற்சியாளர் சீனிவாசலு, மாவட்டத் தேர்வுக் குழுவிலும் இருப்பவர். மாரியாத்தாள் வீசிய பந்துகள் அன்று ஒன்றுகூட மண்ணில் விழவில்லை. எதிரணிப் பெண்கள் மட்டையைத் தோளிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றோம். என் வாழ்வின் மிகப் பெரிய தோல்வி அதுவே. சீனிவாசலு அவளிடம், மாவட்டத் தேர்வுக்கு வரும்படியும், தேறினால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் விடுதியும் கிடைக்கும் என்றும் சொன்னார். போன ஆண்டுகளில் பந்து விழுந்த அணி இப்போது எப்படி மாறியது என்றும் கேட்டார். அவள் வாய் திறக்குமுன் நான் மனவுறுதியைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காட்டிக்கொடுக்கவில்லை.

பேருந்தை விட்டு இறங்கியபின் சொன்னாள். "நான் இந்த வருசத்தோட போயிருவனுங்க சார். சின்னப் புள்ளைங்களாச்சும் செரியான கோட்டுல பழகட்டுமுங்க. நீங்களே மாத்திப்போடுங்க. இல்லீன்னா வெள்ளிக்கெழமை பெரிய டீச்சர்கிட்ட நான் சொல்லிப்போடறனுங்க."

ஒரு சொல் கூட மரியாதை குறைந்ததாக இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சத்தமில்லாமல் கோட்டை மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாற்றியிருக்கலாம். ஆனால் கோடு மாறியதும், மூன்றாண்டுக் காலம் அது தவறாக இருந்தது என்பதை அறிந்த ஒருத்தி அங்கே நின்று என்னை 'சார்' என்று அழைப்பாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து எப்படிக் கேட்பது? பிழை கோட்டில் இல்லை, அதை அறிந்தவளிடம் இருக்கிறது என்ற தெளிவு எனக்குப் பிறந்தது. தெளிவு பிறந்தபின் எழுதுவது எளிது என்று இலக்கணப் பயிற்சி நூலில் படித்திருக்கிறேன்.

நான் என் வாழ்நாளில் எழுதிய முதல் கடிதம் அது. அதற்கு முன் விண்ணப்பங்கள்தாம் எழுதியிருக்கிறேன், அவை கடிதமாகா. 'மதிப்பிற்குரிய ஆறுச்சாமி அவர்களுக்கு, தங்கள் நலம் நாடும் ஒருவன் எழுதுவது' என்று தொடங்கினேன். பயிற்சி என்று சொல்லித் தங்கள் மகள் மாலை நேரங்களில் மோட்டார் பட்டறைக்குப் பின்புறம் ஒரு வாலிபனோடு பேசிக்கொண்டிருப்பதைப் பலரும் காண்கின்றனர் என்று நடுப்பகுதியில் விரித்துரைத்தேன். அப்படி ஒரு வாலிபன் கிடையாது. பெயரை எழுதாமல் விட்டது கண்ணியம் கருதி. காரமடைக்குப் பேருந்தேறிச் சென்று, அங்குள்ள தபால் பெட்டியில் போட்டேன்.

வியாழக்கிழமை நண்பகல் ஆறுச்சாமி பள்ளிக்கு வந்தார். நான் பள்ளி மணியின் அருகே நின்றிருந்தேன். சட்டைப் பையில் சிமெண்டுத் தூசி படிந்த உறை ஒன்றை வைத்திருந்தார். அதை இரு கைகளாலும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஊட்டுக்கு ஏதோ கடுதாசி வந்திருக்குதுங்க. புள்ளைக்குச் செலக்சன் கடுதாசியாத்தான் இருக்குமாட்ட இருக்குதுங்க. அவ வர்றதுக்கு முந்தித் தெரிஞ்சுக்கலாமுன்னு வந்தனுங்க. நீங்க படிச்சவரு. வேற ஆருகிட்டக் குடுக்கறது?"

ஐயா அவர்கள் இவ்விடத்தைச் சற்று நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. நான் எதை வேண்டுமானாலும் படித்திருக்கலாம். தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று படித்திருக்கலாம். அவர் மகிழ்ந்து வீட்டுக்குப் போயிருப்பார். தாளை மடித்து, முகவரி தவறு என்று சொல்லியிருக்கலாம். என் எழுத்து என் கையில் திரும்பி வந்திருந்தது. உலகில் வேறு எந்தக் குற்றவாளிக்கும் இவ்வளவு நல்ல வாய்ப்பு கிடைத்திராது.

நான் படித்தேன். காற்புள்ளியில் சிறிது நிறுத்தி, முற்றுப்புள்ளியில் முழுதும் நிறுத்தி, முதியோர் வகுப்பில் கற்பித்தவாறு படித்தேன். வாலிபன் என்ற சொல் வந்தபோது, அவர் கலவை படிந்த தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "எம்புள்ள அப்படியில்லீங்களே சார்" என்றார். அவர் நம்பாமற் போய்விடுவாரோ என்று தோன்றியது. ஆகவே தாளில் இல்லாத ஒரு வரியை, இருப்பதுபோலவே படித்தேன்: 'தேர்வு என்று வெளியூர் அனுப்பினால் அவள் திரும்பி வரமாட்டாள்.' எழுதும்போது தோன்றாத அவ்வரி, வாசிக்கும்போதே பிறந்தது. கடிதத்திலேயே சிறந்த வரி அதுதான்.

என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். பிறகு, இது நெசமா இருக்குமுங்களா என்று கேட்டார்.

"எழுதினவரு நல்லாப் படிச்சவருங்க. பொய் எழுதற கையாட்டத் தெரியிலீங்க" என்றேன்.

கடிதத்தை நானே கிழித்துவிடும்படி கேட்டுக்கொண்டார். "நீங்களா இருக்கப்போயி ஆச்சுங்க சார். வேற ஒருத்தரு படிச்சிருந்தா இந்நேரம் ஊரே சிரிச்சிருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் என்னை 'சார்' என்றார்.

வெள்ளிக்கிழமை மாரியாத்தாள் வரவில்லை. திங்களன்று ஆறுச்சாமி மட்டும் வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று குறித்தேன். பங்காரம்மா அம்மையார் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தார். ஆறுச்சாமி தரையையே பார்த்துக்கொண்டு, "பொட்டப்புள்ளைங்க, போதுமுங்க" என்றார். அன்று மாலையே கடையில் ஒரு நாடா வாங்கி வந்து, நாற்பது அடியில் கோட்டைப் போட்டேன். தேர்வு நாளன்று சீனிவாசலு ஆளனுப்பி அவளைக் கேட்டார். படிப்பை நிறுத்திவிட்டாள் என்று பதில் எழுதினேன். அடுத்த மாதம் போட்டி. பந்து வீசியவள் ஒன்பதாம் வகுப்புப் பெண். நாற்பது அடிக்கு அவள் புதியவள். தாங்கள் விசாரிக்க வந்த முப்பத்து நான்கு அவ்வாறு நேர்ந்தது. என் கோடு சரியாக இருந்த முதல் ஆண்டிலேயே எங்கள் மிகப் பெரிய தோல்வி நிகழ்ந்தது என்பதை எண்ணி நான் தனிமையில் சிரித்ததுண்டு.

தை மாதம் காரமடையில் மாரியாத்தாளுக்குத் திருமணம். மாப்பிள்ளை தூரத்து உறவு, தறிப்பட்டறை வைத்திருப்பவர். எனக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார் ஆறுச்சாமி. சுவர்க் கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு மேடையேறினேன். அவள் கும்பிட்டாள். மாப்பிள்ளை வேறொருவரிடம் திரும்பிய நேரத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கோட்டை அளந்து பாத்தீங்களாங்க சார்?"

"பாத்தேன் அம்மணி. டேப்பு புடிச்சே அளந்தேன். நாப்பதடி சரியா இருக்குது."

அவள் சிறிது நேரம் மாலையின் நாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "அப்ப எங்கப்பா டேப்புதானுங்க தப்பு. நாந்தான் தெரியாம உங்களைப் போயி… மனசுல வெச்சுக்காதீங்க சார்" என்றாள்.

மறந்துவிட்டேன் என்று சொல்லி, ஆசி வழங்கி இறங்கினேன். அன்றைய தேதியில் அந்தக் கோடு நாற்பது அடிதான், ஐயா. தாங்களே அளந்து பார்க்கலாம். ஆகவே மற்றவற்றை எப்படி எழுதினாலும், மணமேடையில் நான் அந்தப் பெண்ணிடம் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதைத் தங்கள் அறிக்கையில் தவறாமல் குறிப்பிட வேண்டுகிறேன்.