தானாகத் தொடங்கும் பதிவேடு

குறிகட்டுவான் துறையிலிருந்து பதினொரு ஆண்டுகள் இத்தீவுக்குப் படகேறி வந்து, காற்றுக்கும் கடலுக்கும் கலங்காது, கலங்கரை இலவச மருத்துவ நிலையத்தின் நோயாளர் பதிவேட்டைக் காத்துவந்து இன்று ஓய்வுபெறும் பதிவுப் பொறுப்பாளர் திருமதி ஞானசவுந்தரி கனகசபை அவர்களே,

எங்கள் அன்புக்குரிய அக்கா,

உங்கள் பெருமையைச் சொல்ல ஒரு நாளின் நிகழ்வே போதும். புதிய மின்னணுப் பதிவேட்டை லினக்ஸ் கணினியில் நிறுவிய மறுநாள் மதியம் மின்சாரம் போய்த் திரும்பியது. நீங்களோ வீடு திரும்பப் படகில் ஏறியிருந்தீர்கள். அவ்வேளை கால் வீங்கி, காய்ச்சலில் நினைவு தடுமாறிய மயில்வாகனம் ஐயாவைத் தூக்கி வந்தார்கள். அவருக்கு ஏதோ ஒரு மருந்து ஒவ்வாது என்பது மட்டுமே டொக்டருக்கு நினைவிருந்தது. எது என்பது பதிவேட்டில் இருந்தது.

"அக்கா, கணினி எழும்பிட்டுது, பதிவேடு எழும்பேல்லை," என்று நம் ஊழியர் துஷாந்தி தொலைபேசியில் சொன்னார்.

"ஒருத்தரும் ஒண்டிலையும் கைவைக்காதேங்கோ. வாறன்."

கயிறு அவிழ்த்த படகிலிருந்து இறங்கி வந்தீர்கள். நீங்கள் கையால் தொடக்க, பதிவேடு திறந்தது. பென்சிலின் ஒவ்வாது என்றிருந்தது. டொக்டர் எடுத்து வைத்திருந்ததும் அதே ஊசிதான்.

காரணத்தை எவரும் கேட்கவில்லை. நீங்களே சொன்னீர்கள்: "பிழை என்ரைதான். நேற்றுக் கையால தொடக்கிவிட்டனான். கணினி எழும்பேக்கை நீயும் தானா எழும்பு எண்டு சொல்லிவைக்கேல்லை."

அன்றைய கடைசிப் படகையும் விட்டுவிட்டு அமர்ந்தீர்கள். இல்லாத அச்சுப்பொறியைத் தேடும் சேவையையும் எவரும் தொடாத புளூடூத்தையும், கணினி எழும்போது தானாக எழுபவற்றின் தொடக்கப் பட்டியலிலிருந்து நீக்கினீர்கள். பதிவேட்டை அதில் சேர்த்து, தகவல்களைத் தாங்கும் தரவுத்தளம் எழுந்த பின்னரே அது எழ வேண்டும் என்று வரிசை வகுத்தீர்கள். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் கணினியின் மின்வயரை உங்கள் கையாலேயே கழற்றிச் சோதித்தீர்கள்.

"அக்கா, தடுப்பூசிப் பிரிஜ்ஜின்ரை வயரையும் சேர்த்து இழுத்துப்போடாதேங்கோ," என்று மருந்தாளர் ரஜீபன் பகிடி விடுவார்.

"நீர் மருந்தைப் பாரும். வயரை நான் பாக்கிறன்."

பிழையை மறைக்காத நேர்மையும், அது மீண்டும் நேராதிருக்க நீங்கள் கொண்ட உறுதியும் இந்நிலையத்துக்கு நீங்கள் விட்டுச்செல்லும் செல்வம்.

இன்று காலை பத்து மணிக்கு, உங்களிடம் சொல்லாமல், வயரை நாங்கள் கழற்றி மீண்டும் பொருத்தினோம். எவரும் விசைப்பலகையைத் தொடவில்லை. மூன்றாம் நிமிடம் பதிவேடு தானாகத் திறந்தது. மயில்வாகனம் ஐயாவின் பெயரைத் தேடிப் பார்த்தோம். பென்சிலின் ஒவ்வாது என்ற வரி சிவப்பில் நின்றது. ஐயா இதோ முன்வரிசைக் கதிரையில் இருக்கிறார்.

நாரந்தனை வீட்டில் நோயின்றி, நிறைந்த ஆயுளோடு நீங்கள் வாழ வேண்டும். இரண்டரை மணிப் படகில் உங்களுக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறோம், அக்கா. இம்முறை இறங்க வேண்டியிராது.

உங்கள் பட்டியலைக் காக்கும்,
துஷாந்தி, ரஜீபன் மற்றும் கலங்கரை ஊழியர்கள்