வேர்மண்ணோடு ஒரு கன்று

— இன்னும் கண்ணைத் திறக்காதேக்கா. மூச்சை மட்டும் நல்லா இழு.

— அடியே, இஸ்திரிக் கடையில அரை நாள் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். நீ கண்ணாமூச்சி காட்டுற.

— சத்தியமா ஒரே நிமிஷம். என்ன வாசனை வருது?

— ஈர மண்ணு. உன் கொல்லைச் சுவத்துப் பாசி. அப்புறம்… இரு. பழுத்த பழம் மாதிரி… அடியே! காளானா?

— இப்பவே திறக்காதே.

— திறக்கலைடி. திறந்தா போயிடும். காட்டு மேட்டுல நிக்கிற மாதிரியே இருக்கு. மழை விட்டுடுச்சு, இலையிலேர்ந்து மட்டும் சொட்டிக்கிட்டே இருக்கு. கீழ மஞ்ச மஞ்சளா, மரத்தடி பூரா வெயில் உதிர்ந்து கிடக்கிற மாதிரி…

— இப்பத் திற.

— எங்கேர்ந்துடி வந்துச்சு இது? காடே எரிஞ்சு மூணு வருஷம் ஆச்சே! ஆமா, இந்த மரம்… இது என் மேட்டு ஓக் மரத்தோட கன்னுல்ல?

— திருடிட்டு வந்தேன். பன்னெண்டு வருஷம் ஆச்சு. காளான் பறிக்கிற இடத்தைத் தங்கச்சிக்குக்கூடக் காட்ட மாட்டேன்னியே, அந்த ஆத்திரம். உனக்குத் தெரியாம பின்னாலேயே வந்தேன். மொதல்ல காளானை மட்டும் பிடுங்கி வந்து நட்டேன். அழுகிப்போச்சு. அது தனியா வாழாதாம்க்கா. மரத்து வேரைப் பின்னிக்கிட்டுக் கிடக்குமாம். காளான் தண்ணி தேடிக் கொடுக்கும், மரம் இனிப்பு ஊட்டும். அதான் மறுபடி வந்து, கன்னையே வேர்மண்ணோட பேத்துட்டுப் போனேன்.

— பன்னெண்டு வருஷம் சும்மாவா நின்னுது?

— வெறும் இலைதான். இந்த மழைக்குத்தான் காளான் எட்டிப் பார்த்திருக்கு. உன் காட்டுல மிச்சம் இது ஒண்ணுதான்க்கா. தீ அணைஞ்ச வருஷமே, இதோட வேர்க்கிட்ட சின்னக் கன்னுங்க இருபது வாங்கி நட்டுட்டேன். அதுங்க வேர்லயும் காளான் தொத்திக்குமாம். வா, மேட்டுக்குக் கொண்டுபோய் நடலாம்.

— நீயே நடு.

— இன்னும் கோவமா? திருடினது தப்புதான். கால்ல விழட்டுமா?

— எழுந்திருடி, எழுந்திரு! நீ திருடினதுக்கு நான்தான் உன் கால்ல விழணும்.

— என்னக்கா உளர்ற? ஏன் அழற?

— காடு எரிஞ்ச அன்னிக்கு மேட்டுல டீ போட்டேன்டி. அடுப்பைச் சரியா அணைக்காம இறங்கி வந்துட்டேன்.