இடக்கைக் கொலைகாரனை மீட்ட பூதக்கண்ணாடி அக்காவுக்கு

பழுதுற்ற படச்சுருளைப் பச்சிளங் குழந்தையெனப் பதமாய்ப் பேணியவரே, கட்டம் கட்டமாய்க் காட்சியைக் கண்ணால் அளந்தவரே, படக் காப்பகத்தின் மூத்த ஆய்வாளராய் ஓய்வுபெறும் எங்கள் பூதக்கண்ணாடி அக்காவே, வணக்கம்.

தங்கள் பணியின் இறுதி ஆண்டில் தங்களைத் தூங்கவிடாத சிக்கல் சிறியதுதான். சிக்கனமாய் எடுத்த ஒரு பழைய துப்பறியும் படம். அதில் கொலைகாரன் பிடிபடுவது ஒரே சான்றால்: அவன் இடக்கைக்காரன். படம் முழுக்க இடக்கையால் கதவு திறப்பவன், இடக்கையால் சிகரெட் பற்றவைப்பவன், சுடும் காட்சியில் மட்டும் வலக்கையால் சுடுகிறான். ஏன்?

"டைரக்டர் மறந்துட்டாருக்கா, விடுங்க" என்றோம். அப்படி நினைக்க இடமும் இருந்தது. ஒரே மாடிப்படி வங்கியாகவும் மருத்துவமனையாகவும் காவல் நிலையமாகவும் வருகிறது. கதவைச் சாத்தினால் சுவர் ஆடுகிறது. பிணம் மூச்சுவிடுகிறது. ஆனால் ஒற்றை விளக்கில் எடுத்த அந்த இருட்டில், முகம் தெரியாமல் ஒரு கை மட்டும் வெளிச்சத்துக்கு வரும்போது ஆடிய சுவர் நமக்கு மறந்துபோகிறது. கணவனைச் சந்தேகிக்கும் மனைவி, தன் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தும் இடத்தைத் தாங்கள் பலமுறை போட்டுப் பார்த்தீர்கள்.

சுருள்களைக் கெடாமல் காக்கும் குளிர் அறையில் இடமில்லை என்று, கழிக்க வேண்டியவற்றோடு தேர்வுக் குழு இதையும் சேர்த்தது. வேறு பிரதி எங்கும் இல்லை. கழித்தால் இப்படி ஒரு படம் இருந்ததற்கே தடயமிராது.

"முடிச்சே அவிழாத துப்பறியும் படத்தை வச்சு என்னம்மா பண்றது?" என்றார் குழுத் தலைவர்.

"ஆடுற சுவருக்கு நான் வக்காலத்து வாங்கல சார். அந்தக் கைக்கு மட்டும் ஒரு வாரம் குடுங்க."

"ஒரு வாரத்துல அவன் கையை மாத்திக்குவானாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். தாங்கள் சுருளைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போனீர்கள்.

குறையைக் குறையென்றே எழுதிவிட்டு, அதன்பிறகே அந்தப் படத்துக்காக வாதாடுவது தங்கள் வழக்கம். அந்த நேர்மையால்தான் தங்கள் சொல் என்றும் அவையேறியது. இனி அந்தக் கண்கள் குளிரட்டும். குனிந்த முதுகு நிமிரட்டும். பிடித்த படத்தை நிறுத்தி நிறுத்திப் பாராமல், சாய்ந்தமர்ந்து முடிவுவரை பார்க்கும் நீண்ட நலமிகு நாள்கள் தங்களுக்கு வாய்க்கட்டும்.

வாழ்த்தோடு நிறுத்தலாம். ஆனால் தங்கள் குடும்பத்தார் அவையில் இருக்க, துப்பறியும் கதையை விடை சொல்லாமல் முடிப்பது முறையன்று.

சுடும் காட்சியின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்புப் பட்டை ஒன்றைக் கண்டீர்கள். ஒலிக்கு இடம் விடுவதற்காக, சுருளில் படம் சற்றே ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அறுந்த துண்டை முன்பின்னாகப் புரட்டி ஒட்டிவிட்டால் அது மறுபக்கம் ஒதுங்கும், ஓரம் கறுக்கும், இடக்கை வலக்கையாகும். ஒலி தனிச் சுருளில் இருந்ததால் அது கெடவில்லை. முகம் இருட்டில் இருந்ததால் எவரும் அறியவில்லை.

"எடுத்தவங்க தப்பு இல்ல சார். அறுந்ததை ஒட்டினவங்க தப்பு" என்றீர்கள். தலைவர் மறுபடி போட்டுப் பார்த்தார். "சுவர் ஆடத்தான் செய்யுது. இருந்துட்டுப் போகட்டும், உள்ள வைங்க" என்றார்.

துண்டைப் பிரித்து, புரட்டி, நேராக ஒட்டினோம். அவன் இடக்கையால் சுடுகிறான். படம் குளிர் அறையில் இருக்கிறது.

தங்களைப் பிரிய மனமில்லா
படக் காப்பகப் பணியாளர்கள்