லேசருக்குச் செவ்வாய்க்கிழமை வந்த வருத்தம்

மேர்சி: லேசர் லொக் விழுந்திட்டுது.

பவதாரணி: திருப்பியுமோ?

மேர்சி: ஓம். பதினொண்டு நாப்பத்தொண்டு. எழுதிக்கொள்.

பவதாரணி: எவ்வளவு நேரம் நிண்டது?

மேர்சி: பத்தொன்பது நிமிசம். முந்தினதை விட ஒரு நிமிசம் கூட. சந்தோசப்படு.

பவதாரணி: எங்களுக்கு வேண்டியது நாப்பத்தெட்டு மணித்தியாலம். இந்த வேகத்தில போனால் என்ர பேரப்பிள்ளையள்தான் அதைப் பாப்பினம்.

மேர்சி: முதல் கலியாணத்தைக் கட்டு. பிறகு பேரப்பிள்ளையளைப் பற்றிக் கதைப்பம்.

பவதாரணி: உதைச் சொல்லச் சொல்லி என்ர அம்மா போன் எடுத்தவவோ?

மேர்சி: கிழமைக்கு ரெண்டு தரம் எடுக்கிறா. அட்லிஸ்விலிலயிருந்து இஞ்ச நொஷாட்டலுக்கு உன்னை ரயில் ஏத்திவிட்டு அலுத்துப்போச்சாம், இனி மாப்பிளைதான் கூட்டிக்கொண்டு வரவேணுமாம்.

பவதாரணி: லேசரைப் பார் மேர்சி.

மேர்சி: பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். லொக் போடட்டோ?

பவதாரணி: போடு. புதன்கிழமை ரெண்டு மணிக்கு ஆராய்ச்சிக்குக் காசு தாற கொமிசன் பாக்க வருது. நாப்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு முறியாத ஒரு கோட்டைக் காட்டவேணும். அப்ப இண்டைக்கு ரெண்டு மணிக்கு முதல்...

மேர்சி: போட்டிட்டன். எனக்கும் கணக்குத் தெரியும். ரெண்டே கால் மணித்தியாலம் கிடக்கு.

பவதாரணி: காட்டினால் மூண்டு வருசத்துக்கு ரெண்டு பேருக்கும் வேலை.

மேர்சி: காட்டாட்டி ஒருத்தருக்குத்தான். அந்த ஒருத்தர் ஆரெண்டு புரொபெசர் ஏதும் சொன்னவரோ?

பவதாரணி: என்னட்ட ஏன் கேக்கிறாய்? லேசரின்ர நிறத்தைச் சரிபண்ணு, ஓடுது.

மேர்சி: உனக்கென்ன, இஞ்ச பிறந்தனீ, இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போட். எனக்கு வேலை போனால் இஞ்ச இருக்கவிடுற பெர்மியும் போகும். பெட்டியைக் கட்டிக்கொண்டு பாசையூருக்குப் போகவேண்டியதுதான்.

பவதாரணி: பாசையூரில லேசர் இல்லையோ?

மேர்சி: யாழ்ப்பாணத்தில இருக்கு. கண் ஆசுபத்திரியில.

பவதாரணி: அப்ப போய்க் கண்ணைத் திற.

மேர்சி: பகிடி. லொக் நிண்டாப் பிறகு விடு உந்தப் பகிடியை.

பவதாரணி: சரி, சரி. ஒழுங்கா யோசிப்பம். எப்ப தொடங்கினது இது?

மேர்சி: போன செவ்வாய். அதுக்கு முதல் ஆறு நாள் அசையாமல் நிண்டது.

பவதாரணி: செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது?

மேர்சி: ... ஒண்டும் நடக்கேல்ல. மழை.

பவதாரணி: மழை லேசருக்குள்ள பெய்யேல்லத்தானே.

மேர்சி: நீதானே அண்டைக்கு லேசர்ப் பெட்டியைக் கழட்டித் துடைச்சுப் பூட்டினனீ. அதைத் தூக்கி அடித்தட்டைப் பாப்பமே?

பவதாரணி: அது வேண்டாம்.

மேர்சி: ஏன்?

பவதாரணி: ... நான் வடிவாத்தான் பூட்டினனான். என்னில நம்பிக்கை இல்லையோ? முன்னால இருக்கிற தடுப்பைக் கழட்டிப் பாப்பம். போன வெளிச்சம் திரும்பி லேசருக்குள்ள வருதோ என்னவோ. அதைத் தடுக்கிறதுதானே அதின்ர வேலை.

மேர்சி: அது வேண்டாம்.

பவதாரணி: ஏன்?

மேர்சி: ... அது நல்லாத்தான் இருக்கு.

பவதாரணி: கழட்டாமல் எப்பிடித் தெரியும்?

மேர்சி: உன்ர பெட்டி நல்லா இருக்கெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?

பவதாரணி: ... ஆரோ கதவைத் தட்டுகினம்.

குகநாதன்: பிள்ளையள், நான் குகநாதன். உள்ள வரலாமோ?

மேர்சி: வராதேங்கோ அண்ணை, சப்பாத்துத் தூசி உள்ள வரக்கூடாது. வாசலில நிண்டு கதையுங்கோ.

குகநாதன்: இந்தக் கட்டடத்தில எல்லாக் கதவுக்கும் திறப்பு என்ர இடுப்பில கிடக்கு, உங்கட வாசலை மட்டும் தாண்ட விடமாட்டியள். காத்து மெசினை நீங்கள் கேட்ட மாதிரி ஒரே அளவில விட்டிருக்கிறன். மேல்மாடிச் சனம் குளிருது எண்டு திட்டுது. இப்ப சரியோ?

பவதாரணி: இல்லை அண்ணை. காத்து இல்லை. ரயில் போகேக்கயும் பாத்தனாங்கள், அதுவும் இல்லை.

குகநாதன்: உண்மையா நீங்கள் என்னத்தைத்தான் பிடிச்சுக்கொண்டிருக்கிறியள்?

மேர்சி: ரெண்டு கண்ணாடிக்கு நடுவில வெளிச்சம் ஓடுது அண்ணை. அந்த இடைவெளிக்குப் பொருந்தின நிறத்தை லேசர் விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும். துளி வழுக்கினாலும் லொக் விழுந்திடும்.

குகநாதன்: அந்த மேல அனுப்பப்போற மூண்டு செய்மதிக்கோ?

மேர்சி: ஓம். எங்கயோ ரெண்டு கருந்துளை முட்டினால் இஞ்ச வரைக்கும் ஒரு சொட்டு நடுக்கம் வரும். அந்த அலையைப் பிடிக்க.

குகநாதன்: ஆகாயத்தில முட்டுறதைப் பிடிக்கப் போறியள், இஞ்ச மேசையில என்ன முட்டுதெண்டு தெரியேல்ல.

பவதாரணி: குத்திக்காட்டாதேங்கோ அண்ணை.

குகநாதன்: இல்லைப் பிள்ளை, ஆராவது மேசையில தட்டினவையோ எண்டு யோசிச்சன். செவ்வாய்க்கிழமை இந்த யன்னலால ஒருத்தரைக் கண்டனான். பெட்டிக்கு முன்னால நிண்டு கும்பிட்டுக்கொண்டு நிண்டது.

மேர்சி: ... ஆர்?

பவதாரணி: ... ஆர் அண்ணை?

குகநாதன்: ஆரெண்டு சொல்லுறது? தொப்பி, மாஸ்க், வெள்ளைச் சட்டை. உங்க உள்ளுக்கு வந்தால் எல்லாரும் ஒரே ஆள்தான். காலமை ஏழு மணி இருக்கும். தலைக்கு மேல ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

பவதாரணி: வெள்ளைக்காரர் ஆரும் யோகாசனம் செய்திருப்பினம்.

குகநாதன்: இருக்கும், இருக்கும். சரி, நான் போறன். மேல்மாடிக்குக் கம்பளி குடுக்கவேணும்.

பவதாரணி: விழுந்திட்டுது.

மேர்சி: ஓம், கண்டனான். பவா... ஒண்டு சொன்னால் கத்தமாட்டியே?

பவதாரணி: சொல்லு.

மேர்சி: அண்ணை கண்டது என்னைத்தான்.

பவதாரணி: உன்னையோ?

மேர்சி: அந்தத் தடுப்பின்ர பின்பக்கம் பார். கீழ.

பவதாரணி: இதென்ன... வட்டமா ஏதோ... மேர்சி, இது அந்தோனியார்.

மேர்சி: ஓம். அம்மா தந்து விட்ட பதக்கம்.

பவதாரணி: இரும்புப் பதக்கம்.

மேர்சி: முலாம் பூசினது.

பவதாரணி: உள்ளுக்கு இரும்பு. இந்தத் தடுப்பு வெளிச்சத்தைத் தடுக்கிறதே உள்ளுக்கு இருக்கிற காந்தத்தாலதான். காந்தத்தில இரும்பை ஒட்டினால் என்ன நடக்கும் எண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் சொல்லும். நீ எஞ்சினியர்.

மேர்சி: நான் பக்கத்திலதான் வைச்சனான். அவர் தானாப் போய் ஒட்டிப்பிடிச்சிட்டார். எடுக்க வெளிக்கிட்டால் எப்பவும் நீ இஞ்ச நிக்கிறாய்.

பவதாரணி: அவர் துலைஞ்ச சாமானைத் தேடித் தாறவர்தானே. செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஒண்டும் துலையேல்லையே?

மேர்சி: இருக்கிறது துலையக்கூடாது எண்டு முற்கூட்டியே சொல்லிவைச்சனான்.

பவதாரணி: ஐயோ, எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் கிடக்கு. ஆறு நாளா நாங்கள் வயர் வயராப் பாக்கிறம், அந்தோனியார் காந்தத்தில தொங்கிக்கொண்டு நிக்கிறார். அறிவியல் படிச்ச பிள்ளை செய்யிற வேலையோ இது?

மேர்சி: சிரி, சிரி. என்னைத் தவிர உலகத்தில ஒருத்தரும் இப்பிடிச் செய்யமாட்டினம் எண்ட மாதிரிச் சிரி.

பவதாரணி: ... சரி, எடு. இடுக்கியால எடு. லொக் போடு.

மேர்சி: போட்டாச்சு. பன்னிரண்டு அஞ்சு.

பவதாரணி: பிடிச்சிட்டுதோ?

மேர்சி: வடிவாப் பிடிச்சிருக்கு. கோட்டைப் பார், முந்தி மாதிரிப் பல்லுப் பல்லா இல்லை.

பவதாரணி: அந்தோனியாருக்கு நன்றி. வந்ததுக்கில்லை, போனதுக்கு.

மேர்சி: இருவது நிமிசம் தாண்டிட்டுது.

பவதாரணி: கதையாதை. பாத்துக்கொண்டு இரு.

மேர்சி: முப்பது... பவா, முப்பது.

பவதாரணி: கோப்பி குடிப்பமே?

மேர்சி: நான் அசையமாட்டன். நீ போ.

பவதாரணி: நானும் போகேல்ல.

மேர்சி: ... உந்த வெப்பநிலைக் கோடு என்ன, மெல்ல மெல்ல மேல ஏறுது?

பவதாரணி: எங்க?

மேர்சி: உங்க. பச்சைக் கோடு. லேசர்ப் பெட்டியின்ரை.

பவதாரணி: ... அது சும்மா.

மேர்சி: சும்மா ஏறாது. சூடு கீழ இறங்காமல் பெட்டிக்குள்ளயே நிக்குது. பவா, அது... விழுந்திட்டுது.

பவதாரணி: பன்னிரண்டு நாப்பத்தொன்பது.

மேர்சி: நேரம் சொல்லிக்கொண்டு நிக்காதை. பெட்டிக்கும் அடித்தட்டுக்கும் நடுவில ஏதோ கிடக்கு.

பவதாரணி: என்ன கிடக்கப்போகுது?

மேர்சி: நீ ஏன் என்ர முகத்தைப் பாக்கிறாயில்லை?

பவதாரணி: மாஸ்க்கில என்னத்தைப் பாக்கிறது?

மேர்சி: பொறு. பொறு பவா. அண்ணை காலமை ஏழு மணி எண்டுதானே சொன்னவர்?

பவதாரணி: அவருக்கு நேரம் மாறியிருக்கும்.

மேர்சி: நான் பதக்கம் வைச்சது பின்னேரம் அஞ்சு மணிக்கு. சிலுவை போட்டனான். தலைக்கு மேல கை தூக்கேல்ல. கிறிஸ்தவ வேதக்காரர் தலைக்கு மேல கை தூக்குறேல்ல, பவா.

பவதாரணி: ... நாலு ஸ்குரூதான். கெதியாக் கழட்டு. நேரம் போகுது.

மேர்சி: அறிவியல் படிச்ச பிள்ளை.

பவதாரணி: சொல்லு, சொல்லு. எனக்கு வேணும்.

மேர்சி: டொக்டர் பட்டம் எடுத்த பிள்ளை.

பவதாரணி: மெல்லிசாத்தான் மடிச்சனான். கரையில வைச்சால் படாது எண்டு நினைச்சன். ஸ்குரூவை இறுக்கேக்க உள்ளுக்குப் போயிட்டுது போல.

மேர்சி: அப்ப நான் மட்டும்தான் ஒன்பதாம் வகுப்புத் தாண்டாதனான். தூக்கு... ஓம், இந்தா. கடதாசிப் பொட்டலம். இதுக்குள்ள என்ன?

பவதாரணி: திருநீறு. திறக்காதை, பொடி கண்ணாடியில படிஞ்சால் ரெண்டு பேரையும் வீட்டை அனுப்புவாங்கள்.

மேர்சி: வெளியில ஏதோ எழுதிக்கிடக்கு.

பவதாரணி: வாசியாதை. தா இஞ்ச.

மேர்சி: அருச்சனைத் துண்டு. அட்லிஸ்வில் முருகன் கோயில். பேர்...

பவதாரணி: மேர்சி, தா.

மேர்சி: பேர், மேர்சி. நட்சத்திரம், உத்தரட்டாதி.

பவதாரணி: உலகத்தில எத்தினையோ மேர்சி.

மேர்சி: முருகனிட்ட அருச்சனை செய்யிற மேர்சி எத்தினை பேர் இருப்பினம்? வேதக்காரிக்கு நட்சத்திரம் ஏது?

பவதாரணி: ஐயரும் அதைத்தான் கேட்டவர். இருக்கெண்டு சொன்னன். பிறந்தால் நட்சத்திரம் இருக்கும்தானே.

மேர்சி: நான் பிறந்த நேரம் எனக்கே தெரியாது.

பவதாரணி: உன்ர அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டனான். நான் உனக்கு மாப்பிளை பாக்கிறன் எண்டு நினைச்சிட்டா. பெடியன் வேதமோ எண்டு மட்டும் கேட்டவ.

மேர்சி: அதுதான் அம்மா ரெண்டு கிழமையாச் சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறாவோ... நீ என்ன சொன்னனீ?

பவதாரணி: நல்ல இடம் எண்டு சொன்னன். வேற என்னத்தைச் சொல்ல? பெட்டியைப் பிடி, தட்டைத் துடைக்கிறன்.

மேர்சி: பிடிச்சிருக்கிறன். கெதியா, ஒண்டு பத்து.

பவதாரணி: இப்ப வை. முன்பக்கம் முதல் இறுக்கு. குறுக்கால, குறுக்கால.

மேர்சி: எனக்குத் தெரியும்.

பவதாரணி: கண்ணாடியைத் திருப்பு. இன்னும் கொஞ்சம்... கூடிப்போச்சு, திருப்பி வா. நில்.

மேர்சி: வெளிச்சம் உள்ள போகுது. லொக் போடட்டோ?

பவதாரணி: போடு.

மேர்சி: ... பிடிச்சிட்டுது. ஒண்டு நாப்பத்தாறு.

பவதாரணி: பச்சைக் கோடு?

மேர்சி: படுத்துக் கிடக்கு. அசையேல்ல.

பவதாரணி: மணிக்கூட்டை ஓடவிடு. பதினாலு நிமிசம் மிச்சம் வைச்சிருக்கிறம். இனி ஒருத்தரும் தும்மக்கூடாது.

மேர்சி: பவா.

பவதாரணி: ம்.

மேர்சி: நான் அந்தோனியாரிட்ட லொக்கைக் கேக்கேல்ல.

பவதாரணி: பின்ன என்னத்தைக் கேட்டனீ?

மேர்சி: ஒருத்தரைத்தான் வைச்சிருப்பினம் எண்டால் அது நானா இருக்கவேணும் எண்டு கேட்டனான். உன்ர பேரை நான் சொல்லவே இல்லை. நீ அங்க கோயிலில என்ர பேருக்கு... எனக்கு வெக்கமாக் கிடக்கு.

பவதாரணி: இதில என்ன வெக்கம்? நானும் முருகனிட்ட அதைத்தான் கேட்டனான். ரெண்டு பேரும் ஒரு ஆளுக்குத்தான் கேட்டிருக்கிறம்.

மேர்சி: பகிடி விடாதை. லொக் விழுந்தால் புரொபெசர் உன்னைத்தான் வைச்சிருப்பார். எல்லாருக்கும் தெரியும்.

பவதாரணி: இஞ்ச பார். நான் போன புதன்கிழமை அவருக்கு எழுதிக் குடுத்தனான், ஒருத்தர்தான் எண்டால் மேர்சியை வைச்சிருங்கோ, என்னைப் பாக்காதேங்கோ எண்டு. வெள்ளிக்கிழமை ஓம் எண்டு பதில் வந்திட்டுது. லொக் நிண்டாலும் விழுந்தாலும் உனக்கு வேலையும் இருக்கு, பெர்மியும் இருக்கு. இனி இது நிக்கவேண்டியது என்ர வேலைக்குத்தான்... அதால அழாமல் கோட்டைப் பார்.